சாலையிலா, உருளையிலா?

சுங்கை பூலோ என்றதும் பூச்செடி நாற்றங்கால்களும், பெரிய அரசாங்க மருத்துவமனையும், நெடுஞ்சாலைக்கு மேலே பாலம்போல் நிற்கும் உணவகமும் பலருக்கு நினைவுக்கு வரும். அவ்வட்டாரத்தின் கடை வரிசைகளில் வாகனப் பட்டறைகளும் உண்டு. அப்படியொரு பட்டறையில் கீழ்க்காணும் காட்சி நடப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய பெரோடுவா மைவி மகிழுந்து ஒன்று தடித்த பட்டைகளால் தரையோடு சேர்த்துக் கட்டப்பட்டுள்ளது. அதன் முன்சக்கரங்கள், தரைக்குள் பதிக்கப்பட்ட இரும்பு உருளைகளின்மேல் நிற்கின்றன. முன்னால் ஆளுயர மின்விசிறி சுழல்கிறது. புகைபோக்கியோடு இணைத்த குழாய் ஒன்று புகையைப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டர் மிதியை முழுவதுமாக அழுத்துகிறார். இரைச்சல் காதைப் பிளக்கிறது. வேகமானியின் முள் 150-ஐ நெருங்குகிறது. வண்டியோ ஓர் அங்குலமும் நகரவில்லை. சில விநாடிகளில் எல்லாம் அடங்குகிறது. மடிக்கணினித் திரையில் இரண்டு வளைகோடுகள் தோன்றுகின்றன. பக்கத்தில் நிற்கும் உரிமையாளரான இளைஞர் அவற்றை உற்றுப் பார்க்கிறார்.

இதே வேலையை இந்த உருளைகள் இல்லாமலும் செய்கிறார்கள். நள்ளிரவு தாண்டி, போக்குவரத்து குறைந்த சாலை ஒன்றைத் தேடிப்போய், ஒருவர் வண்டியை விரட்ட, மற்றொருவர் பக்கத்து இருக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எண்களைத் திருத்துவார். முதலாவது முறை டைனோ டியூனிங். இரண்டாவது சாலை டியூனிங். எது சிறந்தது என்ற வாதம், மாமாக் கடை மேசையில் தேநீர் ஆறிய பின்னும் ஓயாது.

முதலில், ஒரு மகிழுந்தை ஏன் 'டியூன்' செய்ய வேண்டும்? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. அதன் இயந்திரத்துக்கு ஏற்ற அளவுகளைத் தயாரிப்பாளரே பல மாதங்கள் சோதித்து, கட்டுப்பாட்டுக் கணினியில் பதித்துவிடுகிறார். பாகங்களை மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2005ஆம் ஆண்டில் அறிமுகமான முதல் தலைமுறை மைவியின் 1.3 லிட்டர் இயந்திரம் 87 குதிரைத்திறன் தரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, டர்போ பொருத்தப்பட்ட இயந்திரம் ஒன்று ஜப்பானின் டைஹட்சு ஒய்.ஆர்.வி. வண்டியில் இருந்தது, அதன் திறன் 140. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அந்த இயந்திரத்தை மைவிக்குள் பொருத்துவது நம் நாட்டு ஆர்வலர்களிடையே பரவலான பழக்கமாயிற்று. சுங்கை பூலோ இளைஞரின் வண்டியும் அப்படி மாற்றப்பட்டதே. கூடவே பெரிய புகைபோக்கி, புதிய காற்று வடிகட்டி, தொழிற்சாலைக் கணினிக்குப் பதிலாக அளவுகளைத் திருத்தக்கூடிய வேறொரு கணினி. இத்தனையும் மாறியபின் பழைய அளவுகள் பொருந்தா.

அந்த அளவுகள் யாவை? பெரிய சதுரங்கப் பலகை ஒன்றைப் போன்ற அட்டவணை கணினிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் இயந்திரத்தின் சுழல் வேகம். மறுபக்கம் அது சுமக்கும் பளு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஓர் அட்டவணை, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று சொல்கிறது. இன்னொன்று, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெதுவாக ஓட்டும்போது கணினி இந்த விகிதத்தையே பின்பற்றும். முழு வேகத்தில் பளு கூடும்போது பெட்ரோல் சற்று அதிகமாக, 12 அல்லது 12.5 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் என்ற அளவில் தேவைப்படும். டர்போ இயந்திரத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். மிகுதியான பெட்ரோல் எரியறையைக் குளிர்விக்கிறது. குறைந்தால் வெப்பம் ஏறும்.

தீப்பொறியின் நேரம் இதைவிட நுட்பமானது. இயந்திரம் நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது ஒரு விநாடிக்கு 100 சுற்று. பெட்ரோல் கலவை எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்டச் சிறிது நேரமாகும். ஆகவே பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். தாமதமானால் திறன் வீணாகிச் சூடாகப் புகைபோக்கியில் வெளியேறும். மிக முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். அதோடு ஒரு பெரிய ஆபத்தும் சேரும். எரியும் சுடர் இன்னும் வந்து சேராத மூலையில் மீதமுள்ள கலவை, வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே ஒரே நொடியில் வெடிக்கும். இதற்கு 'நாக்கிங்' என்று பெயர். சிலிண்டருக்குள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் உடையும். பெரும் இரைச்சலுக்கிடையே அந்தத் தட்டலை ஓட்டுநர் கேட்காமலும் போகலாம், அதுதான் கொடுமை.

எண்ணெய் நிலையத்தில் காணப்படும் 95, 97 என்ற எண்கள் இதோடு தொடர்புடையவை. அவை நாக்கிங்கைத் தாங்கும் வலிமையைக் குறிக்கின்றன. வழக்கமான மகிழுந்தில் 97-ஐ ஊற்றுவதால் அது பறக்கப்போவதில்லை. ஆனால், 97-ஐ நம்பித் தீப்பொறியை முந்தவைத்த வண்டியில், விலை குறைவு என்பதற்காக மாதக் கடைசியில் 95-ஐ ஊற்றினால் இயந்திரம் தட்டத் தொடங்கும். டியூனிங் என்பது கணினியில் மட்டும் முடிந்துவிடுவதில்லை. அதை ஓட்டுபவரின் பழக்கத்தையும் சார்ந்திருக்கிறது.

கணினி வருவதற்கு முன்னர் இவை அனைத்தும் சாலையில்தான் சரிசெய்யப்பட்டன. கார்புரேட்டர் காலத்துப் பட்டறைக்காரர், வண்டியை முழு விசையில் ஓட்டிச் சட்டென இயந்திரத்தை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் முனை இளம் பழுப்பு நிறமாயிருந்தால் கலவை சரி. வெள்ளையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. அனுபவம் மிக்க கண்ணுக்கு அந்தச் சிறு முனை ஒரு நூலளவு செய்தி சொல்லும். அந்தத் திறமையை இன்று யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால், திறனை அளக்க அவர்களிடம் இருந்த கருவி முதுகு மட்டுமே. இருக்கையில் முதுகு எவ்வளவு அழுந்துகிறது என்பதே அளவுகோல். இது எளிதில் ஏமாறும் அளவுகோல். சீரான முடுக்கத்தைவிட, முடுக்கத்தில் ஏற்படும் திடீர் மாற்றமே மனித உடலுக்கு உறைக்கிறது. சற்று நேரம் சோம்பிக் கிடந்து பின்னர் திடுமென உந்தும் டர்போ வண்டி, தொடக்கத்திலிருந்தே சீராக உந்தும் வண்டியைவிட வேகமானதாகத் தோன்றும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் பின்னது முந்திக்கொள்ளக்கூடும்.

உடலின் தீர்ப்பை நம்பாமல் அளக்க வேண்டும் என்ற எண்ணம் மகிழுந்தைவிடப் பழையது. பிரான்சின் பொறியாளர் புரோனி, 1821ஆம் ஆண்டில், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அது திமிறும் விசையை எடைக்கற்களால் அளக்கும் கருவியை உருவாக்கினார். 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், கப்பல் இயந்திரங்களுக்காக, மரக்கட்டைக்குப் பதில் தண்ணீரின் தடையைப் பயன்படுத்தினார். டைனமோமீட்டர் எனப்படும் அக்கருவியின் செல்லப் பெயர்தான் டைனோ.

இன்றைய டைனோவில் இரு வகைகள் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று, கனமான உருளையைச் சக்கரங்கள் எவ்வளவு விரைவில் சுழலவைக்கின்றன என்று கணக்கிட்டுத் திறனைக் கூறும். மற்றொன்றில் உருளையோடு மின்காந்தத் தடை இணைந்திருக்கும். டியூன் செய்பவருக்கு இரண்டாவதே பெரிதும் உதவும். 3000 சுற்றில் பிடித்து நிறுத்து என்றால் அது பிடித்து நிறுத்தும். அட்டவணையின் ஒரு கட்டத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவைத்து, தீப்பொறியை ஒவ்வொரு பாகையாக முந்தவைத்து, திறன் கூடுகிறதா என்று பார்க்கலாம். கூடுவது நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காதில் ஒலிவாங்கி மாட்டியிருப்பவர், முதல் தட்டல் கேட்ட கணமே காலை எடுத்துவிடலாம். சாலையில் வளைவும் மேடும் சமிக்ஞை விளக்கும் இப்படிக் காத்திருப்பதில்லை.

திரையில் தோன்றிய இரண்டு வளைகோடுகளில் ஒன்று முறுக்குவிசை, மற்றொன்று திறன். இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முறுக்குவிசை என்பது தண்டைத் திருகும் வலு. அந்த வலுவோடு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதையும் பெருக்கினால் கிடைப்பது திறன். நியூட்டன் மீட்டரிலுள்ள முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். மாற்றம் செய்யாத 1.3 மைவியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் உச்ச முறுக்குவிசை 3200 சுற்றில் 116 நியூட்டன் மீட்டர். கணக்கிட்டால் அந்த இடத்தில் திறன் ஏறத்தாழ 39 கிலோவாட், அதாவது 53 குதிரைத்திறன். 6000 சுற்றில் முறுக்குவிசை ஏறத்தாழ 102-ஆகக் குறைந்துவிடுகிறது; ஆயினும் திறன் 64 கிலோவாட், அதாவது 87 குதிரைத்திறனாக உயர்கிறது. திருகும் வலு குறைந்தும் திறன் கூடுகிறது, சுழற்சி விரைந்ததால். விளம்பரத்தில் வருவது அந்தக் கடைசி எண் மட்டுமே. அன்றாடம் 2000 முதல் 4000 சுற்றுக்குள் ஓடும் வண்டிக்கு உச்சத்தைவிட வளைகோட்டின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். பள்ளம் விழுந்த வளைகோடு, உச்ச எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஓட்டுவதற்கு எரிச்சலூட்டும்.

டைனோ தரும் எண்ணையும் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. அது அளப்பது சக்கரத்தை வந்தடைந்த திறனை. இயந்திரத்திலிருந்து கியர்ப்பெட்டி வழியாகச் சக்கரத்துக்கு வருவதற்குள் பத்து முதல் இருபது விழுக்காடு உராய்வில் போய்விடும். டயரின் காற்றழுத்தம், பட்டை இறுக்கிய அளவு, இயந்திரத்தின் சூடு ஆகியவையும் எண்ணை மாற்றும். ஒரே வண்டி ஒரு பட்டறையில் ஓர் எண்ணையும் அடுத்த ஊர்ப் பட்டறையில் வேறோர் எண்ணையும் காட்டினால், இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை.

காற்றும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் அமெரிக்கத் தரமுறை ஒன்று, 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஈரமற்ற காற்றை அடிப்படையாகக் கொண்டு திறனைக் கூறுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் நண்பகல் காற்று 33 பாகையில் இருக்கும்போது, வெப்பத்தால் மட்டுமே அதன் அடர்த்தி இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்துவிடும். ஈரப்பதம் இன்னும் சிறிது இடத்தை அடைத்துக்கொள்ளும். அடர்த்தி குறைந்தால் எரியத் தேவையான ஆக்சிஜன் குறையும்; திறனும் குறையும். டைனோவின் மென்பொருள் இதைச் சரிக்கட்டிய பின்னரே எண்ணைக் காட்டுகிறது. எனவே அந்தத் தாளை வேறொருவரின் தாளோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் பயனில்லை. அதே உருளை, அதே நாள், அதே எண்ணெய், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிட்டால் மட்டுமே அது நம்பத்தக்க சான்றாகும்.

டைனோவால் முடியாதவையும் உள்ளன. எவ்வளவு பெரிய மின்விசிறியும், ஓடும் வண்டிக்கு எதிரே வரும் காற்றுக்கு நிகராகாது. தொடர்ந்து சில முறை ஓட்டியதும் டர்போவைச் சுற்றிலும் வெப்பம் தேங்கிவிடும். அதோடு, ஒரு மகிழுந்து தன் வாழ்நாளில் முழு விசையில் ஓடும் நேரம் மிகச் சிறிது. காலையில் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்குவது, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு சமிக்ஞை விளக்கில் நிற்பது, கோலசிலாங்கூர் சாலை நெரிசலில் ஊர்வது, மழையில் மேட்டில் ஏறுவது, பாதி மிதியில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவது – இவைதாம் அதன் வாழ்க்கை. இந்தக் கட்டங்களைச் செம்மைப்படுத்தச் சாலையே சிறந்த இடம். சாலை டியூனிங்கை ஆதரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உருளையில் 150 குதிரைத்திறன் காட்டிவிட்டுச் சாலைச் சந்திப்பில் அணைந்துபோகும் வண்டியை யாரும் நல்ல வண்டி என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால், மேலே சொன்ன எதற்கும் வேகம் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபத்து, அட்டவணையின் மறுமூலையில் இருக்கிறது: அதிகச் சுற்று, முழுப் பளு. நான்காம் கியரில் அந்த மூலையை எட்டும்போது வண்டி 150 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 110. ஆக, சட்டத்துக்கு உட்பட்டு அந்த எண்களைச் சாலையில் சரிபார்க்க வழியே இல்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடக்கிறது. திரையை இரண்டு விநாடி எட்டிப் பார்ப்பதற்குள் 60 மீட்டர் ஓடிப்போயிருக்கும். 150-இல் அது 83 மீட்டர். மோதினால் வெளிப்படும் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 110-ஐவிட 150-இல் அது 1.86 மடங்கு. அந்த ஆற்றலை வாங்கப்போவது வண்டிக்குள் இருப்பவர்கள் மட்டுமல்லர். இரவு நேர வேலை முடிந்து மருத்துவமனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தாதியும் அதே சாலையில்தான் வருகிறார். எந்தச் சோதனையில் தாம் பங்கெடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைத் தடை செய்கிறது. பொறுப்பற்று ஆபத்தாக ஓட்டினால் ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. நள்ளிரவில் சாலை காலியாக இருந்தது என்பது பதிலாகாது.

வேகத்தைச் சோதிக்க வேறு இடம் இல்லாமலும் இல்லை. ஷா ஆலாமில் 1968ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பத்து தீகா பந்தயத் தடம், அது இடிக்கப்படும்வரை பல தலைமுறை ஓட்டுநர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடமாக இருந்தது. 1999ஆம் ஆண்டில் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அங்கே சொந்த வண்டியைக் கட்டணம் செலுத்தி ஓட்டும் நாள்களும் நடத்தப்படுகின்றன. எதிரே வண்டி வராது; தலைக்கவசம் கட்டாயம்; மீட்புக் குழு தயாராக நிற்கும். கட்டணம் இளைஞர் ஒருவருக்குச் சுமைதான். ஆயினும் ஒரு பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தோன்றாது.

இன்னொன்றும் உண்டு. 87-இலிருந்து 140-க்கு உயர்வது அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட அதிகரிப்பு. அந்த மைவியின் தடைக்கருவியும் டயரும் பழைய திறனுக்காக வடிவமைக்கப்பட்டவை. விரைவாகப் போகச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியை விரைவாக நிற்பதற்கும் ஒதுக்கியிருக்க வேண்டும். பலர் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். இயந்திரத்தை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, புதிய இயந்திர எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். செய்யாவிட்டால், விபத்துக்குப்பின் காப்புறுதி இழப்பீடு கேட்கும்போது சிக்கல் எழக்கூடும்.

சுங்கை பூலோ பட்டறையில் இயந்திரம் ஆறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது ஓட்டத்தில் 5500 சுற்றுக்கு அருகே மெலிதான தட்டல் ஒன்று கேட்டது. டியூன் செய்பவர் அந்தப் பகுதிக் கட்டங்களில் தீப்பொறியை இரண்டு பாகை பின்தள்ளினார். உச்ச எண் 131-இலிருந்து 128-க்கு இறங்கியது. இளைஞரின் முகமும் இறங்கியது. மூன்று குதிரைத்திறனை முதுகு உணராது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். பின்னர், வழக்கம்போல் வேலைக்குப் போய்வரும்படியும், காலையில் முடுக்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் பதிவாகும் எண்களைச் சேமித்து ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரும்படியும் கூறுகிறார். அச்சிட்ட தாளைக் கையில் கொடுப்பதற்கு முன், அதன் மூலையில் பேனாவால் எழுதுகிறார்: "காற்று 33 பாகை. எண்ணெய் 97 மட்டும்."